ஸ்கேனரில் முதன்முதலாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

ரேடியோ பேச்சுகளைத் தேடிப் பிடித்துக் கேட்க உதவும் கருவியான ஸ்கேனர், எல்லா அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே கேட்கிறது; அங்கே பேச்சில்லை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. எங்கே நிற்பது, எங்கே தாவுவது என்பதை முடிவு செய்வது ஸ்குவெல்ச் என்ற அமைப்பு. அமெரிக்காவில் விற்கும் சாதாரணக் கைக்கருவி ஒன்றை வைத்து இதைச் செய்து பார்ப்போம்.

முதலில் ஆன்டெனாவைப் பொருத்தி, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 7 வானிலை அலைவரிசைகளுள் உங்கள் ஊரில் கேட்பதைப் பிடியுங்கள். இவை இரவும் பகலும் ஓயாமல் ஒலிப்பதால், கருவி வேலை செய்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஸ்குவெல்ச், இதில் மட்டும் அவசரம் கூடாது. யாரும் பேசாத ஓர் அலைவரிசைக்குச் சென்று, குமிழை முழுவதும் திறந்தால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும். இரைச்சல் அடங்கும்வரை மெல்லத் திருப்பி, அதற்குமேல் மயிரிழை அளவு மட்டும் நகர்த்தி நிறுத்துங்கள். குறைத்து வைத்தால் ஸ்கேனர் வெற்று இரைச்சலிலேயே நின்றுவிடும். கூட்டி வைத்தால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்களைத் தாண்டி ஓடிவிடும்.

பிறகு அருகிலுள்ள விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அலைவரிசைகளை நினைவகத்தில் பதியுங்கள். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பட்டையில் குரல் ஏ.எம். முறையில் வருவதால், கருவியையும் அதற்கே மாற்ற வேண்டும். எஃப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும், ஏ.எம். முறையிலோ கீச்சொலி எழுந்து, இருவர் பேசுவதைக் காட்டிக்கொடுக்கும். விமானப் போக்குவரத்தில் இது சிறிய உதவியன்று.

ஸ்கேன் தொடங்குமுன், ஓயாத வானிலை அலைவரிசையைக் கருவி தாண்டிச் செல்லும்படி விலக்கி (லாக்-அவுட்) வையுங்கள்; இல்லையேல் கருவி அங்கேயே நின்றுவிடும். பேச்சு நின்றபின் கருவி அங்கேயே காத்திருக்கும் நேரத்தை 2 நொடியாக வைத்தால், கேள்வியைத் தொடரும் பதிலும் தவறாது.

1994 முதல் அமெரிக்காவில் தயாராகும் ஸ்கேனர்களில் கைப்பேசி அலைவரிசைகள் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. மறைகுறியாக்கப்பட்ட காவல்துறைப் பேச்சும் எந்த ஸ்கேனரிலும் கேட்காது. இவற்றைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம்.

விமானியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டு, கோபுரத்தின் குரல் கேட்கவில்லையென்றால் கருவி பழுதென்று எண்ணாதீர்கள். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. விமானம் உயரத்தில் இருக்கிறது, கோபுரமோ கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. சன்னலருகிலோ மாடியிலோ நின்று மீண்டும் முயலுங்கள்.