யால்டா படத்தில் தொலைந்த துண்டு

அப்பாவின் ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர். படம், 1945 பிப்ரவரியில் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாடு: பிரிட்டனின் சர்ச்சில், சோவியத் யூனியனின் ஸ்டாலின், நடுவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். அவருடைய மேலங்கியில் ஒரு துண்டைக் காணோம். படம் எடுத்த இரண்டே மாதத்தில் இறந்துபோன மனிதர். அந்த ஓட்டையை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவம் எடுத்தேன். கனம் சேரும்வரை பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஃபெவிகாலால் ஒட்டினேன். சென்னை ஈரக்காற்றில் அட்டை வளைந்துவிடும். அதனால் ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். அப்புறம் பெட்டி மூடியில் இருந்த படத்தைத் திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் புதிரின் அளவுக்குப் பெரிதாக்கி, தேவையான இடத்தை மட்டும் மேலே ஒட்டினேன்.

முதலில் வெட்டியது நுழையவில்லை. பென்சில் கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாக உட்கார்ந்தது. அப்பா அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.