தெருவில் உறங்குவோரின் வழக்கறிஞர்: சட்டப் பரபரப்பு நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையோரத்தில் உறங்குகிறவருக்காக நீதிமன்றப் படியேறும் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பரபரப்பு நாவல் எழுத நினைப்பவருக்குக் கடலூரையும் புதுச்சேரியையும் விடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. இரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஆனால் அரசு வேறு, காவல்துறை வேறு, சிறை வேறு, இலவசச் சட்ட உதவிக்கான ஆணைக்குழுவும் வேறு. மேல்முறையீடென்று வந்தால் மட்டும் இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றமே. இத்தனை வளமான களம் கையில் இருக்கும்போது, துரத்தலும் துப்பாக்கியும் இல்லாமல் கதை நகராது என்று நம்புவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. வீடில்லாதவருடைய வாழ்வில் சட்டத்தின் அன்றாட நடைமுறையே போதிய அளவு அச்சம் தருவது. அந்த நடைமுறையைத் தாண்டிக் குதிக்கும் எழுத்தாளர் கதையையும் இழக்கிறார், கதைக்குரிய மனிதரையும் இழக்கிறார்.

திரைப்படங்கள் பழக்கிவிட்ட பிழைகளை முதலிலேயே களைந்துவிடலாம். நம் குற்ற வழக்குகளில் இன்று ஜூரி கிடையாது. நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுவதில்லை. சாட்சி கீதையின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதில்லை, 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த உறுதிமொழியைச் சொல்கிறார். கதை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடப்பதானால், அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களும் தண்டனையும்), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற வழக்கு நடைமுறை), பாரதிய சாக்ஷிய அதினியம் (சான்று) ஆகிய சட்டங்களின் பிரிவு எண்களையே எழுத வேண்டும். கைப்பேசிக் காணொளி ஒன்றை நீதிமன்றத்தில் போட்டுக்காட்டியதும் வழக்கு முடிந்துவிடுவதாக எழுதுவதும் தவறு. சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தக் காணொளியைச் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

முகவரி என்னும் கட்டம்

நான் படித்த வரையில் பெரும்பாலோர் தவறவிடுவது முகவரியைத்தான். எந்த மனுவும் இன்னார் மகன், இன்ன வயது, இன்ன கதவு எண், இன்ன தெரு என்றே தொடங்குகிறது. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் பகலெல்லாம் மூட்டை சுமந்து, கடைகள் சாத்திய பிறகு அதே வாசற்படியில் துண்டை விரித்துப் படுக்கும் ஒரு முதியவரைக் கட்சிக்காரராக வைத்துக்கொள்வோம். நாவலில் அவர் வக்காலத்தில் கைரேகை வைத்த மறுவரியிலேயே வழக்கறிஞர் நீதிபதி முன் நின்று முழங்கத் தொடங்கிவிடுகிறார். நடைமுறையில் அவருக்குச் சம்மன் போய்ச் சேராது. வாய்தா தேதி தெரியாமல் அவர் வராமல் போவார். வராததால் பிடி ஆணை பிறக்கும். நீதிமன்றத்துக்கு நடந்துபோகும் தூரத்திலேயே இத்தனை நாளும் படுத்திருந்தவர், ஆவணங்களின்படி தேடப்படும் குற்றவாளியாகிவிடுவார். இதைவிடப் பதற்றமான ஒரு நிகழ்ச்சித் தொடரை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

ஜாமீனும் அப்படித்தான். ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் கட்சிக்காரரை வெளியே அழைத்து வந்துவிடும் அத்தியாயங்கள், பிணைதாரர் என்று ஒருவர் வேண்டும் என்பதையே மறந்துவிடுகின்றன. சொந்த வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்க அவருக்கு யார் இருக்கிறார்கள்? 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோத்தி ராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்ட நீதித்துறை நடுவர், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் சொத்து வைத்திருப்பவர் என்பதற்காக அந்தச் சகோதரருடைய பிணையை ஏற்க மறுத்தார். அதைக் கண்டித்து நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பை இந்த வகை நாவல் எழுதுகிறவர் கட்டாயம் படிக்க வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால், கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க இயலாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே விடச் சொல்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவு. ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளிவராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே ஆராயலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஏழு நாள், முப்பது நாள் என்று காலக்கெடுவைச் சட்டமே வகுத்துக் கொடுத்திருக்கும்போது, வெடிகுண்டின் கடிகாரத்தைத் தேடிப் போவானேன்?

முகவரிக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அதை யாரும் கதையில் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர 6-ஆம் படிவம் கொடுத்தால், ஆவணச் சான்று கேட்பதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து, குறிப்பிட்ட இடத்தில் அவர் உறங்குகிறாரா என்று பார்த்துச் செல்ல வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. நடைபாதையை ஒருவருடைய இருப்பிடமென்று அரசே எழுதி ஒப்புக்கொள்ளும் அந்த ஒற்றைப் பதிவை, அவர் அங்கே இருந்ததே இல்லை என்று வாதிடும் எதிர்த்தரப்பின் முன் ஒரு வழக்கறிஞர் எடுத்துவைக்கும் காட்சி எவ்வளவு வலிமையுள்ளதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லைக்கு இரு பக்கமும்

கடலூரில் தொடங்கும் கதையைப் புதுச்சேரியில் முடிக்கிறவர்கள் இரண்டையும் ஒரே ஊராக எழுதிவிடுகிறார்கள். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் காவலரின் தலையில் சிவப்புத் தொப்பி ஏறிவிடுவதைக் கவனித்து எழுதுகிறவர்கள்கூட, சட்டமும் மாறுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. பாரதியார் 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியே கால்வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனதை அறிந்த நமக்கு இந்த எல்லையின் பொருள் புதிதாக விளங்க வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு நிலத்தில் குடிசை போட்டவரை அகற்ற 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த உத்தரவின்மீது மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. புதுச்சேரியில் ஒன்றியப் பிரதேசத்துக்கு உரிய சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிடிபட்டவர் கேப்பர் மலைச் சிறைக்கும், மறுபக்கம் பிடிபட்டவர் காலாப்பட்டுச் சிறைக்கும் போவார்கள்.

இந்த எல்லையில் ஒரு கதையே இருக்கிறது. நள்ளிரவில் நகரத்தைச் ‘சுத்தம்’ செய்வதற்காக வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் இறக்கிவிடப்படும் ஒருவர், மறுநாள் காலையில் எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பார்? சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று இரண்டு நிலையங்களும் சொல்லக்கூடும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்லும் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழக்கறிஞருக்கு அங்கே கைகொடுக்கும். மாறாக, கடலூர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையாணையைப் புதுச்சேரி அதிகாரியிடம் நீட்டி அவரைத் தலைகுனிய வைத்தால், நீதிமன்றக் குமாஸ்தா ஒருவர் படித்தாலே நாவலை மூடிவிடுவார்.

ரகசியக் கோப்பைத் திருடும் அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல். இந்த வகைக் கதையில் அது கட்டாயச் சடங்காகிவிட்டது. முறைகேடாகக் கைக்கு வந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சான்றை நம் நீதிமன்றங்கள் தள்ளிவிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் திருடிய வழக்கறிஞர்மீது குற்ற வழக்கும், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கையும் வரும். அவர் நின்றுபோனால் அவரை நம்பியிருப்பவர்களும் நின்றுபோவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளில் பெறக்கூடியதை, உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பெறக்கூடியதை, ஏன் திருட வேண்டும்? தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த வழிகாட்டுதலின்படி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடியாவது வேண்டும். காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு ஒரு மனு போட்டால், பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் தினமும் நாற்பது பேர் உறங்கியதாகக் கையெழுத்து இருப்பதைக் கதாபாத்திரம் கண்டுபிடிக்கலாம். அந்தக் கண்டுபிடிப்பைச் சட்டப்படியே நீதிமன்றத்தில் வைக்கலாம்.

வீடில்லாதவர்கள் எல்லாரும் ஒரே வகை அல்லர்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே படுத்திருக்கும் நோயாளியின் உறவினருக்கு ஊரில் வீடு இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தருகே தங்கும் கட்டடத் தொழிலாளிக்கு வேலை முடியும்வரை வீடு இல்லை. மகன்கள் கைவிட்ட தாய்க்கு, அவர் பெயரிலேயே இருந்த வீடு இப்போது இல்லை. இவர்களை ‘பிளாட்பாரவாசிகள்’ என்ற ஒரே கூட்டமாக்கி, அழுக்குத் துணியும் ஞானப் பேச்சும் கொடுத்துவிடுவது ஒரு பெரிய அநீதி. ஒவ்வொருவருக்கும் சட்டம் திறக்கும் கதவு வேறு. கைவிடப்பட்ட தாய் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; அங்கே வழக்கறிஞர் வாதாடக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்வதும், அந்தத் தடையைச் சில உயர் நீதிமன்றங்கள் ஏற்காததும், நாயகரைக் கதவுக்கு வெளியே நிற்க வைக்கும் அரிய வாய்ப்பு. மனநலம் பாதிக்கப்பட்டு அலைபவரைக் காவலர் லாக்கப்பில் அடைப்பதாக எழுதினால், அது சட்டமீறல் என்பதும் கதையில் தெரிய வேண்டும்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆம் பிரிவில், அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், அவருடைய குடும்பத்தைத் தேடிக் காணாமல் போனவர் வழக்குப் பதியவும் நிலைய அதிகாரிக்குக் கடமை விதித்திருக்கிறது.

வழக்கறிஞரின் மனமாற்றத்தையே கதையாக்கி, கட்சிக்காரரை அதற்கு ஒரு படிக்கல்லாக மட்டும் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கட்சிக்காரர் சொல்படிதான் வழக்கறிஞர் நடக்க வேண்டும். காப்பகத்துக்குப் போக மாட்டேன், என் வண்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் மறுத்தால், அந்த மறுப்போடு வழக்கறிஞர் மல்லாடும் இடமே நாவலின் உயிர். இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று பேரம் பேசுவதையும் விட்டுவிட வேண்டும். முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. நாயகர் அந்த ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞர்களில் ஒருவராகவே இருக்கலாம்.

கடைசித் தவறு, தீர்ப்பு வந்ததும் கதையை முடிப்பது. பம்பாய் நடைபாதைவாசிகள் வென்றதாகப் பலரும் எழுதும் 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. அதே தீர்ப்பு, அகற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு என்றும் சொல்லி, மழைக்காலத்தைக் கருதி அக்டோபர் 31 வரை மட்டுமே பொறுக்கச் சொன்னது. அதன் மனுதாரர்களில் ஒருவர் வறட்சியால் 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. 1981-இல் அவர் குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு அவர் வேலை தேடி மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார். ஆகவே இடைக்காலத் தடை கிடைத்த நாளுக்குப் பிறகும் உங்கள் நாவலில் சில அத்தியாயங்கள் இருக்கட்டும்: உத்தரவின் நகல் பொறியாளர் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, புல்டோசர் எத்தனை மணிக்கு வந்தது, நகலைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டவர் யார் என்பவற்றை எழுதுங்கள். மீறப்பட்ட உத்தரவுக்காக நீதிமன்ற அவமதிப்பு மனு போட ஓராண்டுதான் காலக்கெடு. அதற்குள் தம் கட்சிக்காரர் இப்போது எங்கே உறங்குகிறார் என்று அந்த வழக்கறிஞர் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.