குடும்ப வம்சாவளிப் புத்தகத்தில் உள்ள பிழைகளை மூல ஆவணங்களை வைத்துத் திருத்துவது எப்படி?

மணிவிழாவுக்கோ குலதெய்வக் கும்பாபிஷேகத்துக்கோ அச்சடித்த வம்சாவளிப் புத்தகம் பல வீடுகளில் இருக்கும். பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் தொகுத்தது என்பதால் வருடமும் உறவுமுறையும் அங்கங்கே தடுமாறும்.

முதலில் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, பொருந்தாத இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அம்மாவுக்கும் மூத்த மகனுக்கும் பத்தே வயது வித்தியாசமா? வட்டமிடுங்கள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்திருந்தால், இரண்டு பேரை ஒருவராக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்து ஜாதகம். பலரும் சறுக்குவது இங்கேதான். புத்தகத்தில் 1867 என்று இருக்கிறது, ஜாதகத்தில் 'பிரபவ வருடம், தை 12' என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரபவ 1867-லும் வந்தது, 1927-லும் வந்தது. அவருடைய தம்பி 1931-ல் பிறந்தவர் என்றால் 1867 சரிவராது. சரி, 1927 என்று போட்டுவிடலாமா? கூடாது. சித்திரையில் தொடங்கிய பிரபவ, தை வருவதற்குள் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும். அவர் பிறந்தது 1928 ஜனவரி. கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருந்தால் உடனே அதன் பக்கம் சாய வேண்டாம். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்த காலத்தில், பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொண்டதும் உண்டு.

உறவுமுறைக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் என் முதல் தேர்வு. வீட்டில் இல்லையென்றால், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனு போடலாம். பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் வேலை சுலபம். 'இன்னார் குமாரர் இன்னார், வயது இத்தனை' என்று ஒவ்வொருவரையும் எழுதியிருப்பார்கள். அப்பா இறந்தபின் நடந்த பிரிவினையில் மைனர் பிள்ளைகளுக்குத் தாயார் கார்டியனாக இருந்தால், இளைய தாரத்துப் பிள்ளைகள் யார் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். புத்தகத்தில் எல்லாரையும் ஒரே தாயின் பிள்ளைகளாகப் போட்டிருப்பார்கள்.

ஆனால் பத்திரத்தில் மகள் பெயர் இல்லையென்றால் மகளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்படும்வரை பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போல மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு கிடையாது. அத்தைகளை இப்படி விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. அவர்களைக் கல்யாணப் பத்திரிகையிலும் மொய் நோட்டிலும் தேடுங்கள்.

இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால், எதை, யார், எப்போது எழுதினார் என்று பாருங்கள். நிகழ்ந்த சமயத்திலேயே விவரம் தெரிந்தவர் எழுதியதற்கு எடை அதிகம்.

அப்புறம் பிழைதிருத்தம். பழையதை அழிக்காமல் இப்படி எழுதுங்கள்: 'பக்கம் 14: பிறப்பு 1867 என்று அச்சாகியுள்ளது. ஜாதகப்படி 1928 ஜனவரி. மூல ஜாதகம் மூத்த மகன் வீட்டில் உள்ளது.' ஜாதகத்தைப் போட்டோ எடுத்து இதோடு சேர்த்துப் பங்காளிகள் எல்லாருக்கும் அனுப்புங்கள்.