தியேட்டர் செக்லிஸ்ட்டை வாசிக்க வைத்த விதம்

வன்னியில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தில் சரிசெய்தது இது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட்டில், நின்று சரிபார்க்க மூன்று நிறுத்தங்கள்: மயக்கம் கொடுக்க முன், வெட்ட முன், நோயாளி கூடத்தை விட்டுப் போக முன். எங்கள் தாளிலோ எல்லா டிக்கும் கடைசியில் ஒன்றாக விழுந்தன. அந்தத் தாள் எவரையும் காக்காது.

இப்போது ஒரு தாதி சத்தமாக வாசிப்பார். எல்லாரும் பதில் சொல்லும்வரை கத்தி கைமாறாது. மயக்கம் கொடுக்க முன், நோயாளியின் பெயரை நாம் சொல்லி “ஓமா?” என்று கேட்கக்கூடாது, பயத்தில் எதற்கும் ஓம் என்பார்கள். முழுப்பெயர், தகப்பன் பெயர், எந்தப் பக்கம் என்பதை நோயாளியே தமிழில் சொல்லவேண்டும். வைத்தியர் சிங்களம் பேசுபவரென்றால் தாதி மொழிபெயர்ப்பார்.

தொற்றைத் தடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வெட்டுக்கு முந்திய 60 நிமிடத்துக்குள் ஏறவேண்டும். விடுதியில் போட்டு அனுப்பினால், முன்னைய சிகிச்சை இழுபடும்போது நேரம் கடந்துவிடும். ஆகவே அதைத் தியேட்டரிலேயே கொடுத்து, நேரத்தைப் பலகையில் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் மாற்றும்போதும் விடுதிக்கு அனுப்பும்போதும் ஒரே அரைப்பக்கத் தாள்: செய்த சிகிச்சை, இரத்த இழப்பு, வடிகுழாய்கள், கடைசி வலிமருந்தும் நேரமும், எது நடந்தால் யாரை அழைப்பது. பொறுப்பேற்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே கொண்டுவந்தவர் புறப்படலாம்.