மலைக்குளிரில் பழைய மேசைக்குப் புதுப் பெயிண்ட்

நீலகிரியில் பெயிண்ட் வேலைக்குக் கலர் கார்டு எடுக்குமுன் காலண்டரை எடுங்கள். உதகை, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஜனவரியில் வெயில் இருந்தாலும் இரவில் உறைபனி. பிப்ரவரி, மார்ச் இரண்டும்தான் தோதான மாதங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு இழுப்பறை வைத்த சின்ன மேசை. எஸ்டேட் பங்களாக்களில் கழித்துக்கட்டும் சாமான்களில் இப்படி ஒன்றாவது கிடைக்கும்.

வாங்கும்போது

காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டத்தை ஃபெவிகால் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தால் சரிசெய்யலாம். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு போல் கொட்டும் தூளும் இருந்தால் உளு இன்னும் உள்ளே இருக்கிறது. ஓட்டை நாலைந்துதான் என்றால் மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஏற்றலாம். காலே உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மரம் ஈட்டியாக (ரோஸ்வுட்) இருந்தால் பெயிண்டே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய்ப் பசை எனாமலைச் சரியாகக் காயவிடாது. தவிர, ஈட்டி மரத்துக்கு வெள்ளை அடிப்பதைப் பார்க்கவும் மனசு வராது. பாலிஷ் போதும்.

வாங்க வேண்டியவை

எண்ணெய் வகை வுட் பிரைமர் அரை லிட்டர், எனாமல் அரை லிட்டர், டர்பன்டைன் அரை லிட்டர், ஓட்டை, பள்ளம் அடைக்கும் மரப் பட்டி கால் கிலோ, 120, 220, 320 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு, 2 அங்குல பிரஷ் ஒன்று. இந்த அளவு மேசைக்கு இதுவே மிஞ்சும்.

கழுவி, காயவைத்து, தேய்த்து

பூஞ்சணம் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, இழுப்பறைகளைக் கழற்றி, காற்றோட்டமான அறையில் ஒரு வாரம் வையுங்கள். காய்ந்ததா என்பதை உப்புத்தாளே சொல்லும். தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தாளில் அப்பிக்கொண்டால் இன்னும் ஈரம்.

பழைய பெயிண்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மறுபடி இரண்டு நாள் காயட்டும்.

பிறகு 120, அடுத்து 220. மர ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எனாமலின் பளபளப்பில் அப்படியே தெரியும்.

பிரைமர், பட்டி, எனாமல்

பிரைமரில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து ஒரு கோட் அடியுங்கள். அதன் பிறகே பட்டி. வெறும் மரத்தில் பட்டி பார்த்தால் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பட்டி பொரிந்து விழும். பட்டி காய்ந்ததும் 220 தாளால் சமப்படுத்தி, அந்த இடங்களில் மட்டும் இன்னொரு கை பிரைமர்.

எனாமலை மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். நடுவில் 320 தாளால் ஒரு தடவு. டின்னில் 8 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது சமவெளிக் கணக்கு. இங்கே ஒரு முழு நாள், மூடுபனி இறங்கினால் இரண்டு நாள். கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள், பெயிண்டின் மேல்தோல் நகர்ந்தால் காயவில்லை. அவசரப்பட்டு மேல்கோட் அடித்தால் பால் ஆடை போலச் சுருங்கும். அப்புறம் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

காலை 10 மணிக்கு ஆரம்பித்து மதியம் 1 மணிக்குள் பிரஷைக் கழுவிவிடுங்கள். மாலைப் பனி ஈரப் பெயிண்டில் படிந்தால் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்தது போலாகிவிடும். காயட்டுமென்று கரி அடுப்புப் பக்கத்தில் வைக்கிறார்கள். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும், கூடாது. சூட்டில் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பு நிற்கும் கேடும் உண்டு.

கண்ணில் படாத இடங்கள்

மேசையின் முதுகு, பலகையின் அடிப்புறம், கால்களின் அடிவெட்டு மூன்றுக்கும் பிரைமராவது அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் பெயிண்ட் இருந்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பும், பலகை வளையும். மழைக்காலத்தில் மேசை கோணுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளியே போடுங்கள்.

இழுப்பறையின் பக்கங்களுக்கும் அது ஓடும் சட்டத்துக்கும் பெயிண்ட் கூடாது. ஈரத்தில் மரம் பருக்கும்போது இழுப்பறை கல்லாய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் எனாமல் இறுக இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை மேலே செய்தித்தாள்கூட விரிக்காதீர்கள். எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.