கறள் பிடித்த சிறு பாகங்களுக்கு வினாகிரி

பழைய மொறிஸ் மைனர் போன்ற கார்களை வீட்டுக் கராஜிலேயே புதுப்பிப்பவர்கள், கறள் பிடித்த கதவுப் பிணைச்சல்கள், தாங்கிகள், சிறு நட்டுகள் ஆகியவற்றை மணிக்கணக்கில் அரத்தாளால் தேய்ப்பதை விட, கிறீஸை முழுவதும் கழுவி அகற்றிய பின் அவை மூழ்கும் அளவு வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தெடுப்பது செலவும் உழைப்பும் குறைந்த வழியாகும். வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம், அரத்தாள் எட்டாத மரைகளின் இடுக்குகளுக்குள்ளும் சென்று கறளைக் கரைக்கிறது.

இதன் பிறகு செய்வதே மிக முக்கியமானது. அப்பச்சோடா கரைத்த நீரில் அலசி, எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே நன்கு உலர்த்தி, அன்றே பிறைமர் பூசிவிட வேண்டும். திருகோணமலையின் கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருப்பதால், பூச்சில்லாத இரும்பு இங்கே மிக விரைவில் மீண்டும் சிவந்துவிடும். மாரிகாலத்தில் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

அலுமினியத்துக்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய பாகங்களுக்கும் இம்முறை பொருந்தாது, அமிலம் அவற்றையே அரித்துவிடும். கறள் தின்று ஓட்டையான தகட்டையும் வெட்டி ஒட்டத்தான் வேண்டும். கடினமாக்கிய எஃகாலான ஸ்பிரிங்குகளும் உறுதி கூடிய போல்ட்டுகளும் அமிலத்தில் உருவாகும் ஐதரசனை உறிஞ்சி எளிதில் முறியக்கூடியவையாக மாறலாம் என்பதால், ஸ்டியரிங், பிறேக், சஸ்பென்சன் சார்ந்த எதையும் இவ்வாறு ஊறவிடாதீர்கள்.