உள்ளூர் கோல்ஃப் மைதானத்தை செயின்ட் ஆண்ட்ரூஸோடு ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

ஸ்கோர்கார்டைக் கையில் எடுத்ததும் பலரின் கண் போவது மொத்த யார்டுக்குத்தான். 2022 ஓபன் போட்டியில் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தின் நீளம் 7,313 யார்டு. நம் மலை மைதானம் 6,000 யார்டு என்றால் "சின்ன மைதானம்" என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் அந்த 7,313 தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காகப் பின்னுக்குத் தள்ளி வைத்த டீக்களிலிருந்து (ஒவ்வொரு ஹோலுக்கும், அதாவது குழிக்கும், முதல் அடி அடிக்கும் இடங்கள்) அளந்தது. நீங்கள் அங்கே போனால் அந்த டீயில் நிற்கப்போவதில்லை. இரண்டு இடத்திலும் நீங்கள் உண்மையில் ஆடும் டீயின் நீளத்தை எடுத்துத்தான் பேச வேண்டும்.

அப்படி எடுத்தாலும் யார்டும் யார்டும் ஒன்றல்ல. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். உயரத்தை அடியில் எடுத்து 0.00116ஆல் பெருக்கினால் எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும். கொடைக்கானலுக்கு ஏறக்குறைய 8. சென்னையில் 150 யார்டு பறக்கும் அடி மேலே 162 போகும். குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீன் மேட்டில் இருந்தால் இந்த லாபம் கரைந்துவிடும்: 10 யார்டு ஏற்றத்துக்குத் தூரத்தில் 10 யார்டு கூட்டிக்கொள்ளுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் கதை வேறு. கடலோர மணல்மண் காய்ந்து இறுகிக் கிடப்பதால், தரையில் விழுந்த பந்து வெகுதூரம் உருண்டோடும். மழையில் ஊறிய மலை ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவைத்த புல்வழி) விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது மைதானத்துக்குக் கொடுக்கும் ஸ்லோப் எண்; தரைச் சரிவு அல்ல. இதைத் தவறாகப் படிக்காதவர்கள் குறைவு. ஸ்லோப் எண் கூடினால் மைதானம் கடினம் என்று நினைக்கிறார்கள். திறமையான ஸ்கிராட்ச் ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் சராசரி ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினமாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. 55 முதல் 155 வரை போகும். வழக்கமான கடினத்துக்குரிய அளவாக வைத்திருப்பது 113. ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் எத்தனை அடியில் ஆட்டத்தை முடிப்பார் என்பதற்குக் கோர்ஸ் ரேட்டிங் தனியாக உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் மைதானம்: பார் (18 ஹோலுக்கும் சேர்த்து வகுத்திருக்கும் அடிக்கணக்கு) 71, ரேட்டிங் 69.5, ஸ்லோப் 128. இரண்டாவது: பார் 72, ரேட்டிங் 74, ஸ்லோப் 125. உங்கள் ஆட்டத் திறமையைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 18. இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113ஆல் வகுத்து, ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வரும் எண்ணைச் சேர்த்தால், முதல் இடத்தில் 19 ஸ்ட்ரோக், இரண்டாவதில் 22 ஸ்ட்ரோக் சலுகை கிடைக்கும்; மொத்த அடிகளிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். ஸ்லோப் குறைவான மைதானமே இங்கே கடினமானது. முதலாவதில் 92 அடித்தவரை விட இரண்டாவதில் 94 அடித்தவர் நன்றாக ஆடியிருக்கிறார். ரேட்டிங் ஒவ்வொரு டீக்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஸ்கோர்கார்டில் வேறொருவருக்கான வரிசையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கிரீன் விஷயத்தில்தான் உள்ளூர் மைதானங்களுக்கு மிகப் பெரிய அநியாயம் நடக்கிறது. ஏப்ரலில் தொலைக்காட்சியில், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம கிரீன் ஏன் இப்படி இல்லை" என்று புலம்புகிறோம். அகஸ்டா கோடையில் மூடிக் கிடக்கும். ஃபேர்வேயில் பெர்முடா புல்லின் மேல் குளிர்காலத்துக்கு ரை புல் விதைக்கிறார்கள். கிரீனுக்கு அடியில் குழாய் பதித்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது. போட்டி நடக்கும் அந்த ஒரு வாரத்துக்காக அத்தனையும் தயாராகிறது. ஆண்டு முழுக்க உறுப்பினர்கள் மிதிக்கும், பருவமழையைத் தாங்கும் கிரீனை அதன் பக்கத்தில் வைப்பது முறையல்ல.

கிரீனில் பந்து உருளும் வேகத்தை ஒப்பிட வேண்டுமானால் ஸ்டிம்ப்மீட்டரால் அளந்துவிட்டுப் பேசுங்கள். 36 அங்குல நீளமுள்ள, நடுவில் பள்ளம் ஓடும் உலோகப் பட்டை அது. மேல்முனையை மெல்ல உயர்த்தினால் ஒரு கோணத்தில் பந்து தானே விடுபட்டு உருளும். கையால் தள்ளிவிட்டால் அளவு வீண். ஒரு திசையில் மூன்று பந்து, அதே கோட்டில் எதிர்த்திசையில் மூன்று பந்து உருட்டி, ஓடிய தூரத்தை அளக்க வேண்டும். சரிவான இடத்தில் சாதாரண சராசரி ஏமாற்றும்: இறக்கத்தில் 12 அடி, ஏற்றத்தில் 7 அடி என்றால் சராசரி 9.5. இரண்டையும் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் 8.8தான் சரியான வேகம்.

இன்னொரு பாரபட்சமும் நம்மிடம் உண்டு. உள்ளூரில் ஒரு ஃபேர்வே இன்னொன்றைக் குறுக்கே கடந்தால் "இடமில்லாமல் நெருக்கியிருக்கிறார்கள்" என்போம். ஓல்ட் கோர்ஸிலும் 7ஆவது ஹோலும் 11ஆவது ஹோலும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. 14 ஹோல்களுக்கு ஏழே கிரீன், இரண்டிரண்டாகப் பங்கு. அங்கே அதைப் பார்த்து வியந்து படம் எடுக்கிறோம். குறுக்கே கடக்கும் இடத்தில் யாருக்கு முதலில் வழி, காத்திருக்க எங்கே நிற்பது, அடிப்பவருக்கு எதிர்த்தரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். கேள்வி இரண்டு ஊருக்கும் ஒன்றேதான்.